சக மாணவ வழிகாட்டியாக இருப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்பவருக்கு, அதே இடத்தில் ஓரிரு வருடம் முன்பு சேர்ந்த மாணவர் ஒருவரைத் துணையாகக் கொடுக்கும் ஏற்பாடு பல இடங்களில் இருக்கிறது. சிலர் மென்டர் என்பார்கள், சிலர் பியர் மென்டர் என்பார்கள். இந்தப் பொறுப்பை ஏற்கலாமா என்று யோசிப்பவர்களும், ஏற்றுக்கொண்டு முழிப்பவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை. நேரம் இல்லாதவர்கள் பதிலே வராத மாணவரைப் பற்றிய கேள்வியை மட்டுமாவது படித்துவிடுங்கள். இந்த வேலையில் பாதி அங்கேதான் இருக்கிறது.

சரியாக என்ன வேலை இது?

புதிதாக வந்தவருக்குத் தெரியாத விஷயங்களைச் சொல்வது, அவர் தடுமாறினால் மற்றவர்களுக்கு முன்பே அதைக் கவனிப்பது, தீர்க்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. பாடம் நடத்துவது, மனநல ஆலோசனை தருவது, குடும்பப் பஞ்சாயத்துப் பண்ணுவது எதுவும் இதில் சேராது.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் புதியவர்கள் பெரும்பாலும் வந்து கேட்க மாட்டார்கள். கேட்பதற்கு, தனக்கு எது தெரியவில்லை என்பதாவது தெரிந்திருக்க வேண்டும். எடுத்த பாடத்தை விட்டுவிடக் கடைசித் தேதி என்று ஒன்று இருப்பதே தெரியாதவர், அது எப்போது என்று எப்படிக் கேட்பார்? அதனால் "எதுவானாலும் கேளுங்க" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தால் வேலை நடக்காது. முதலில் பேச வேண்டியவர் நீங்கள்தான். பதில் வராவிட்டால் மறுபடி பேச வேண்டியவரும் நீங்கள்தான்.

பேராசிரியர், ஆலோசகர், அலுவலகம் எல்லாம் இருக்கும்போது இன்னொரு மாணவர் எதற்கு?

மாணவர்கள் ஏன் பாதியில் படிப்பை விடுகிறார்கள் என்பதைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் வின்சென்ட் டின்டோ 1975இல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிறது. மார்க் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த இடத்தின் படிப்புச் சூழலிலும் மனிதர்களுக்கு நடுவிலும் ஒருவர் எவ்வளவு ஒட்டிக்கொள்கிறார் என்பது, அவர் இருப்பாரா போவாரா என்பதில் பெரும் பங்கு வகிக்கிறது என்றார் அவர். பின்னால் வந்தவர்கள் இதை விமர்சித்தார்கள். வீட்டிலிருந்து வந்து போகிறவர், வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர் எல்லாம் பழைய உறவுகளை விட்டுவிட்டு வளாகத்தோடு ஒட்ட வேண்டுமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இருந்தாலும் தெரிந்த முகம் ஒன்று வளாகத்தில் இருப்பது யாருக்கும் கெடுதல் இல்லை.

அந்த முகம் மாணவராக இருப்பதில் ஒரு வசதி உண்டு. 20 வருடமாகப் பாடம் நடத்துபவருக்கு முதல் வாரத்தில் எது புரியாது என்பது மறந்துபோயிருக்கும். உங்களுக்கு அது போன வருடம்தான் நடந்தது. தவிர, பேராசிரியரிடம் கேட்டால் முட்டாள் என்று நினைத்துவிடுவாரோ என்று தயங்குகிற கேள்வியை உங்களிடம் கேட்பது சுலபம். நீங்கள் மார்க் போடுபவர் இல்லையே.

நான் சுமாரான மார்க் வாங்கியவன். கூட்டம் என்றால் ஒதுங்குகிற ஆள். எனக்கு இது சரிப்படுமா?

சரிப்படும். முதல் செமஸ்டரில் ஒரு பாடத்தில் போய்விட்டு அப்புறம் எழுதித் தேறியவருக்கு, யாரைப் பார்க்க வேண்டும், எந்தப் படிவம், எத்தனை நாளைக்குள் என்பதெல்லாம் அத்துப்படி. எல்லாம் சுலபமாக வந்தவருக்கு அது தெரியாது. அமைதியான ஆள் என்றால் இன்னும் நல்லது. மேடையில் கலகலப்பாக இருப்பவரிடம் போய்த் தனியாக ஒன்றைச் சொல்லப் பலருக்கும் கூச்சமாக இருக்கும்.

வேண்டாம் என்று நான் சொல்வது ஒருவருக்குத்தான்: சான்றிதழுக்காக மட்டும் வருபவர். முதல் கூட்டத்துக்கு வந்து போட்டோ எடுத்துக்கொண்டு காணாமல் போகும் வழிகாட்டி, வழிகாட்டியே இல்லாததைவிட மோசம். உதவி கேட்டால் வராது என்ற பாடத்தை முதல் மாதத்திலேயே கற்றுக்கொடுத்துவிடுகிறார்.

முதல் செய்தியில் என்ன எழுதுவது?

சின்னதாக, பதில் சொல்லச் சுலபமான ஒரே ஒரு கேள்வியோடு எழுதுங்கள். திட்டத்தின் நோக்கம், விதிமுறை எல்லாம் அதில் வேண்டாம். இப்படி இருக்கலாம்:

"வணக்கம், நான் உங்க டிபார்ட்மென்ட்லயே மூணாவது வருஷம். இந்த வருஷம் உங்களுக்கு மென்டரா போட்டிருக்காங்க. டைம்டேபிள் கைக்கு வந்துடுச்சா? போன வருஷம் அதுல ரூம் நம்பர் எல்லாம் குழப்பமா இருந்துச்சு, அதான் கேட்டேன்."

"வந்துடுச்சு", "வரல" என்று ஒரு சொல்லில் பதில் எழுதிவிடலாம். ரூம் நம்பர் புரியாமல் முழிப்பவர் அதைச் சொல்லவும் வாசல் திறந்திருக்கிறது. "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்று ஆரம்பித்தால் நேர்முகத் தேர்வு மாதிரி ஆகிவிடும். பாதிப் பேர் அப்புறமாக நன்றாக யோசித்து எழுதலாம் என்று வைத்துவிட்டு மறந்துபோவார்கள்.

முதல் சந்திப்பில் என்ன பேசுவது? பத்து நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடுகிறதே?

"எப்படி இருக்கு காலேஜ்?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். உலகம் முழுக்க அந்தக் கேள்விக்கு அந்தப் பதில்தான். நடந்ததைக் கேளுங்கள். "நேத்து கிளாஸ் முடிஞ்சதும் எங்க போனீங்க?" "மதியம் யாரோட சாப்பிட்டீங்க?" "இந்த வாரம் எந்த கிளாஸ்ல ஒண்ணுமே புரியாம உட்கார்ந்திருந்தீங்க?" கடைசிக் கேள்வியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஏதாவது ஒரு வகுப்பு புரியாமல்தான் இருக்கும் என்று நீங்களே எடுத்துக்கொண்டு கேட்பதால், ஒப்புக்கொள்ளும் சங்கடம் அவருக்கு இல்லை.

உட்கார்ந்து பேசுவதைவிட நடந்துகொண்டே பேசுவது சுலபம். நூலகத்துக்குள் கூட்டிக்கொண்டு போய், புத்தகம் தேடும் கணினியில் அவருடைய பாடப் புத்தகம் ஒன்றை அவரையே தேட விடுங்கள். அடுக்கு எண்ணைக் குறித்துக்கொண்டு அலமாரி வரை போய் எடுக்கட்டும். அப்படியே மருத்துவ அறை, ஆலோசனை மையம், கட்டண அலுவலகம் ஆகியவற்றின் வாசலைக் காட்டிவிடுங்கள். ஒரு கதவை நல்ல நாளில் பார்த்து வைத்தவருக்கு, கெட்ட நாளில் அதைத் தட்டுவது அவ்வளவு கஷ்டமாக இருக்காது.

செய்தி அனுப்பினால் பதிலே வருவதில்லை. விட்டுவிடலாமா?

இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, அவருக்கு உங்கள் உதவி தேவையே இல்லை. நண்பர்கள் கிடைத்துவிட்டார்கள், நன்றாக இருக்கிறார். இரண்டு, வகுப்புக்கே போகாமல் அறையில் முடங்கிக் கிடக்கிறார், யார் செய்தியையும் திறப்பதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே தெரியும். அதனால்தான் விட்டுவிடக் கூடாது என்கிறேன்.

என்ன செய்யலாம்? முதலில், பதில் வராததைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாதீர்கள். "மூணு மெசேஜ் போட்டேன், பதிலே இல்லையே" என்று எழுதினால் அது கடன்காரர் தொனி. ஏற்கனவே குற்ற உணர்ச்சியில் இருப்பவர் இன்னும் ஒளிந்துகொள்வார். பதிலாக, அவருக்கு உபயோகமான ஒரு தகவலை அனுப்புங்கள். "பாடத்தை மாத்திக்க இந்த வெள்ளிக்கிழமை கடைசி நாள். படிவம் துறை அலுவலகத்துல கிடைக்குது. பதில் போட வேண்டாம், சும்மா சொன்னேன்." பதில் போட வேண்டாம் என்ற அந்த ஒரு வரிக்குத்தான் பல நேரம் பதில் வரும்.

ஒரு வாரம், பத்து நாள் இடைவெளியில் இப்படி ஒன்று. ஒரே நாளில் இரண்டு வேண்டாம். வழியை மாற்றியும் பாருங்கள். சிலர் மின்னஞ்சலைத் திறக்கவே மாட்டார்கள், வாட்ஸ்அப்பில் உடனே பதில் தருவார்கள். நேரில் பார்த்தால் ஒரு சிரிப்பு, "டைம்டேபிள் பரவாயில்லையா?" என்று ஒரு கேள்வி, அவ்வளவு போதும்.

முதல் தேர்வோ முதல் அசைன்மென்டோ நெருங்கும் நேரத்திலும் எந்த அசைவும் இல்லை, வகுப்பிலும் ஆளைக் காணோம் என்று தெரிகிறதா? இந்த வழிகாட்டித் திட்டத்தை நடத்தும் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிவிடுங்கள். அதைக் கோள் சொல்வதாக நினைக்க வேண்டாம். வருகைப் பதிவைப் பார்க்கவும் அவரை அழைத்துப் பேசவும் அவர்களுக்கு வழி உண்டு, உங்களுக்கு இல்லை. "வேண்டாம், எனக்கு மென்டர் தேவையில்லை" என்று மாணவரே தெளிவாகச் சொன்னால் மட்டும் அதை மதித்து விலகிவிடுங்கள்.

செமஸ்டரில் எப்போது அதிகக் கவனம் வேண்டும்?

எல்லோரும் முதல் வாரத்தில் உற்சாகமாக ஓடிவிட்டு அப்புறம் களைத்துப்போகிறார்கள். முதல் வாரத்தில் எல்லா மூலையிலும் ஆள் நின்று வழி சொல்வார்கள், நீங்கள் இல்லாவிட்டாலும் சமாளித்துவிடுவார்கள். மூன்றாவது, நான்காவது வாரத்தில்தான் ஆட்டம் காணும். வரவேற்புக் கொண்டாட்டம் முடிந்திருக்கும், நண்பர் குழுக்கள் உருவாகி மூடிக்கொண்டது போலத் தோன்றும், பாடம் வேகம் பிடிக்கும், வீட்டு ஞாபகம் வரும். அப்புறம் முதல் மார்க் வரும் நாள். பள்ளியில் முதல் ஆளாக இருந்தவருக்கு நடுவாந்தர மார்க் வந்தால் அது பெரிய அடி. அந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, மறுநாள் ஒரு வரி அனுப்புங்கள். நீண்ட விடுமுறை முடிந்து திரும்பும் வாரமும் அப்படித்தான். திரும்பி வராதவர்கள் அப்போதுதான் தெரிய வருவார்கள்.

"இவங்க எல்லாரும் புத்திசாலிங்க, நான் மட்டும் தப்பா வந்துட்டேன்" என்கிறார். என்ன சொல்வது?

"சீ சீ, நீங்க நல்லாத்தான் பண்றீங்க" என்று சொல்லத் தோன்றும். அதனால் பயன் இல்லை, அவர் நம்ப மாட்டார். தகுதி இருந்தும் தான் எல்லோரையும் ஏமாற்றுவதாக உள்ளுக்குள் நினைக்கும் இந்த மனநிலையைப் பாலின் கிளான்ஸ், சூசன் இம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978இலேயே விவரித்திருக்கிறார்கள். நன்றாகச் சாதித்த பெண்களிடம் பேசித்தான் அதைக் கண்டார்கள். மார்க் உயர்ந்தால் அது தானாகப் போய்விடும் என்று எதிர்பார்க்க முடியாது.

எது உதவுகிறது என்பதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு. முதலாண்டு மாணவர்களுக்கு, 'நாங்களும் ஆரம்பத்தில் இங்கே ஒட்டாமல்தான் இருந்தோம், நாள் போகப் போகச் சரியாகிவிட்டது' என்ற மூத்த மாணவர்களின் அனுபவங்களைப் படிக்கக் கொடுத்தார்கள். அதைத் தங்கள் அனுபவத்தோடு சேர்த்து அவர்களே எழுதவும் பேசவும் வைத்தார்கள். மொத்தம் ஒரு மணி நேரம்தான். அந்த அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் அடுத்த 3 ஆண்டுகளில் உயர்ந்தது. வெள்ளை மாணவர்களோடு இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்தது. எல்லா இடத்திலும் இதே அளவு பலன் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஒரு மென்டர் என்ன பேச வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான குறிப்பு எனக்குத் தெரியவில்லை: இந்த உணர்வு எல்லோருக்கும் வருவது, நாளாக ஆகக் குறைவது. உங்களுக்கு நடந்தது, உங்கள் நண்பருக்கு நடந்தது என்று இரண்டு மூன்று உண்மையான விஷயங்களை மாதம் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். "எனக்கு லேப் பார்ட்னர் கிடைச்சதே மூணாவது மாசம்தான்" என்ற மாதிரி. சாதனைக் கதையாக ஊதிவிடாதீர்கள்.

பாடத்தில் எவ்வளவு உதவலாம்? அசைன்மென்டைப் பார்த்துத் திருத்தித் தரலாமா?

எப்படிப் படிப்பது என்பதில் தாராளமாக உதவலாம். அவருடைய விடையை நீங்கள் எழுதக் கூடாது, உங்கள் பழைய அசைன்மென்டை அனுப்பவும் கூடாது. "சும்மா பார்க்கத்தான்" என்று வாங்கிய கோப்பு இரண்டு பத்தி மாறி அப்படியே சமர்ப்பிக்கப்படுவது சாதாரணமாக நடக்கிறது. மாட்டினால் இரண்டு பேருக்கும் விசாரணை.

திருத்தித் தரச் சொன்னால் பேனாவை அவர் கையிலேயே விடுங்கள். கேள்வித்தாளை எடுத்து, "இதுல என்ன செய்யச் சொல்லியிருக்காங்க? ஒப்பிடச் சொல்றாங்களா, விவரிக்கச் சொல்றாங்களா?" என்று கேளுங்கள். அப்புறம் அவர் எழுதியதில் எந்தப் பத்தி ஒப்பிடுகிறது என்று அவரையே கோடு போடச் சொல்லுங்கள். கோடு போட ஒன்றுமே இல்லை என்றால், அதை நீங்கள் சொல்லும் முன்பே அவர் பார்த்துவிடுவார்.

மிசௌரி பல்கலைக்கழகத்தின் கன்சாஸ் சிட்டி வளாகத்தில் டீயானா மார்ட்டின் 1973இல் தொடங்கிய குழுப் படிப்பு முறை ஒன்று பிறகு பல நாடுகளுக்கும் பரவியது. அதிலும் இதே விதிதான். அந்தப் பாடத்தில் ஏற்கனவே நன்றாகத் தேறிய மாணவர் மறுபடியும் வகுப்பில் உட்காருவார், பிறகு குழுவை நடத்துவார், ஆனால் பாடம் நடத்த மாட்டார். அவர்கள் செய்த இன்னொரு நல்ல காரியம், மக்கு மாணவர்களைத் தேடாமல் கடினமான பாடங்களைத் தேடியது. வருகிறவர்கள் மேல் முத்திரை விழுவதில்லை.

"படிச்சதெல்லாம் மறந்துபோகுது" என்று சொன்னால், எப்படிப் படிக்கிறார் என்று கேளுங்கள். பெரும்பாலும் குறிப்பைத் திரும்பத் திரும்ப வாசித்திருப்பார். ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனையில், திரும்ப வாசித்தவர்கள் 5 நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, தாளை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். தேர்வு 5 நிமிடத்தில் வருவதில்லையே.

எந்தப் பேராசிரியர் மார்க் அள்ளிப் போடுவார் என்று கேட்கிறார்கள்.

கேட்கத்தான் செய்வார்கள். பாடம் எப்படி நடக்கும், எத்தனை அசைன்மென்ட், தாமதமானால் என்ன ஆகும் என்று தெரிந்ததைச் சொல்லுங்கள். ஆளைப் பற்றிய வம்பு வேண்டாம், நீங்கள் சொன்னது எப்படியும் அவர் காதுக்குப் போகும்.

அவர் சொல்வதை ரகசியமாக வைத்திருக்க வேண்டுமா?

ஆமாம், ஒரு விலக்கோடு: அவருக்கோ இன்னொருவருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் சொல்லியே ஆக வேண்டும். இந்த விலக்கை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க, சொல்றேன்" என்று கேட்ட பிறகு விளக்க ஆரம்பித்தால் தாமதம். அந்தச் சத்தியத்தை ஒருபோதும் செய்யாதீர்கள். ராகிங், பாலியல் தொல்லை போன்றவை காதுக்கு வந்தாலும், எங்கே புகார் செய்யலாம், யார் கூட வருவார்கள் என்று அவருக்குச் சொல்லுங்கள். நீங்களே துப்பறியக் கிளம்ப வேண்டாம்.

இங்கே சறுக்குவது பெரும்பாலும் மென்டர்களின் சொந்த வாட்ஸ்அப் குழுவில்தான். "என் ஜூனியர் ஒருத்தர் இன்னைக்கு அழுதுட்டாங்க" என்று பெயர் இல்லாமல் போட்டாலும், உங்களுக்கு யார் யார் ஜூனியர் என்பது அந்தக் குழுவில் எல்லோருக்கும் தெரியும்.

"உயிரோட இருக்கவே பிடிக்கல" என்று சொன்னால்?

நேராகக் கேளுங்கள்: "தற்கொலை பண்ணிக்கணும்னு தோணுதா?" கேட்டால் நாமே அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை, கேட்டதால் மனது லேசானது என்று சொன்னவர்கள் உண்டு. அறிவுரை, "உங்க அம்மா அப்பாவை நினைச்சுப் பாருங்க" போன்றவை வேண்டாம். கேட்டுக்கொண்டே இருங்கள்.

ஆமாம் என்றால் அவரைத் தனியாக விடாதீர்கள். கூடவே இருந்தபடி ஆலோசனை மையத்தையோ, அவசர உதவி எண்ணையோ, விடுதிக் காப்பாளரையோ அழையுங்கள். போனில்தான் பேசுகிறீர்கள் என்றால், எங்கே இருக்கிறார் என்று கேட்டுக்கொண்டு, அருகில் இருப்பவர் ஒருவரை அங்கே போகச் செய்யுங்கள். பிறகு ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லுங்கள். அன்று இரவு உங்களுக்கும் தூக்கம் வராது. அதற்கும் ஆலோசகரைப் பார்க்கலாம், மாணவர் என்ற முறையில் உங்களுக்கும் அவர் இருக்கிறார்.

ராத்திரி இரண்டு மணிக்கெல்லாம் செய்தி வருகிறது. எல்லை எங்கே?

நீங்கள் வைத்த இடத்தில்தான். "ஒன்பது மணிக்கு மேல போன் பார்க்க மாட்டேன், காலைல பதில் போடுவேன். அவசரம்னா இந்த நம்பர்" என்று ஆரம்பத்திலேயே எழுதி அனுப்பிவிடுங்கள். எழுதிய பிறகு நீங்களே 11 மணிக்குப் பதில் போட்டால் விதி அன்றோடு முடிந்தது.

நேரத்தைவிட ஒட்டுதல்தான் கடினம். ஒருவர் எதற்கெடுத்தாலும் உங்களையே கேட்கிறார், வேறு யாரிடமும் பழகவில்லை என்றால், உள்ளூரப் பெருமையாகக்கூட இருக்கும். ஆனால் நீங்கள் படித்து முடித்துப் போன பிறகு அவர் யாரைக் கேட்பார்? அடுத்த முறை அலுவலகத்துக்குக் கூடவே போங்கள், ஆனால் பேசுவது அவராக இருக்கட்டும். அதற்கடுத்த முறை வாசல் வரை. அப்புறம் அவரே போவார்.

பணம் கடன் கேட்டால்?

கொடுக்காதீர்கள். அவசர நிதி, உதவித்தொகை, கட்டணத் தவணை எதற்கெல்லாம் விண்ணப்பிக்கலாம் என்று கூட உட்கார்ந்து பாருங்கள்.

அவர்மேல் ஒரு ஈர்ப்பு வந்துவிட்டது...

வரும், இரண்டு பேருமே இளைஞர்கள். ஆனால் புதிய இடத்தில் உங்களை நம்பியிருப்பவருக்கு "வேண்டாம்" என்று சொல்வது சுலபம் இல்லை. ஒருங்கிணைப்பாளரிடம் காரணம் விளக்காமலேயே ஆளை மாற்றித் தரச் சொல்லலாம். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

படிப்பையே விட்டுவிடப் போகிறேன் என்கிறார். தடுக்க வேண்டுமா?

தடுப்பது உங்கள் வேலை இல்லை, அவசரப்படாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. சிலருக்கு அந்தப் படிப்பு உண்மையிலேயே ஒத்துவராது, போவதுதான் சரி. எதை விட விரும்புகிறார் என்று பிரித்துக் கேளுங்கள். ஒரு பாடத்தையா, துறையையா, விடுதி அறையையா, இந்த ஊரையா? அறைத்தோழரோடு ஒத்துப்போகாதவர் பட்டத்தையே விடப் பார்ப்பது உண்டு, அறை மாற்றினால் தீர்ந்துவிடும். துறை மாறுவது, ஒரு செமஸ்டர் இடைவெளி எடுப்பது என்று நடுவில் எத்தனையோ வழி இருக்கலாம். கையெழுத்துப் போடும் முன்பு கட்டணம் திரும்பக் கிடைக்குமா, மறுபடி சேர முடியுமா என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

எங்களுக்குப் பயிற்சியே தரவில்லை. பெயர்ப் பட்டியலைக் கொடுத்துப் போகச் சொல்லிவிட்டார்கள்.

நிறைய இடத்தில் இப்படித்தான். பட்டியலில் இருப்பவர்களை அழைக்கும் முன்பு ஒருங்கிணைப்பாளரைப் பிடித்து நாலு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். இரவில், வார இறுதியில் அவசரம் என்றால் யாரை அழைப்பது? எந்தெந்த விஷயத்தை நான் கட்டாயம் தெரிவிக்க வேண்டும், யாரிடம்? ஆலோசனை மையத்தில் இடம் கிடைக்க எத்தனை நாள் ஆகிறது? என்னால் முடியவில்லை என்றால் என் மாணவர்களை யார் எடுத்துக்கொள்வார்கள்? வாயால் சொன்னால் போதாது, மின்னஞ்சலில் வாங்குங்கள். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்றால், நீங்களே நாலு கேள்வியையும் மின்னஞ்சலில் எழுதி அனுப்பி, பதில் வரும்வரை வாரம் ஒருமுறை நினைவூட்டுங்கள். கூட இருக்கும் மற்ற மென்டர்களையும் அதில் சேர்த்துக்கொண்டால் பதில் சீக்கிரம் வரும்.